பதினோரு நோட்டுகளில் ஒரு கையெழுத்து

அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கழுத்தில அட்டை மாட்டியிருக்கீங்க, பையில ரெண்டு பேனா இருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் பின்னாடி ஜன்னல் சீட்டு காலியா இருந்தும் இங்க வந்து உட்கார்ந்தேன். பக்கத்துல உட்கார்ந்தவங்ககிட்ட நான் இதுவரைக்கும் பேசினதே இல்லை. கண்டக்டர்கிட்ட ஊர் பேரைச் சொல்றதுக்கே எனக்கு ரெண்டு தடவை எச்சில் முழுங்கணும்.

கேட்டுடறேன். ஆனா கேக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லிடறேனே. சொல்லாம கேட்டா, இந்தப் பொண்ணுக்கு இது எதுக்குன்னு நெனப்பீங்க. டவுனுக்குத்தானே போறீங்க? அப்ப நேரம் இருக்கு. பாலத்துக்கிட்ட எப்படியும் கால் மணி நேரம் நிக்கும்.

ஏ பாப்பா, அக்கா அட்டையை இழுக்காதே. இவ பேரு தன்ஷிகா. வர்ற ஆவணிக்கு மூணு வயசு. பேரு நான் வைக்கலை, ரோஜா வைச்சது. ரோஜா எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அவளுக்காகத்தான் இப்ப போறேன். அவளுக்கு நான் போறது தெரியாது.

எங்க ஊர் மல்பெரித் தோட்டத்துக்குப் பேர் போனது. எங்க வீட்டிலயும் பட்டுப்புழு வளர்க்கிறோம். தோட்டத்து ஓரத்துல ஷெட்டு இருக்கு. புழு வளர்க்கிறது பாப்பாவோட அப்பா பேர்ல இருக்கு, ஆனா பார்த்துக்கிறது நான். அவங்க இலை வெட்டிட்டு வருவாங்க, கூடு ஆனதும் விக்கப் போவாங்க. நடுவில இருக்கிற இருபத்தஞ்சு நாளும் நான்தான். அந்த ஷெட்டுக்குள்ள இருக்கிறப்ப எனக்குக் கூச்சமே வராது. புழுவுக்கு என்ன தெரியப்போகுது?

எங்க ஊர் அரசுப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசத்துக்கு முன்னாடி புதுசா ஒரு பாடம் கொண்டாந்தாங்க. பட்டு வளர்ப்புப் பாடம். டவுன்ல இருக்கிற காலேஜ்காரங்க ஏற்பாடு. பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டு வருசமும் அதைப் படிச்சுத் தேறினா அந்தக் காலேஜ்ல நேரா சீட்டு. அதோட முதல் வருசத்துப் பாடத்துல ரெண்டு முடிச்ச மாதிரி. ஸ்கூல்ல உட்கார்ந்துக்கிட்டே காலேஜ்ல பாதிப் படி ஏறிட்ட மாதிரின்னு ரோஜா சொல்லுவா. எங்க பக்கத்துல பொண்ணுங்க பன்னெண்டு முடிச்சதும் கம்பெனி வேன் வந்து நிக்கும், உங்களுக்குத் தெரியும்தானே? ஹாஸ்டல்லயே தங்கி, மிஷினுக்கு முன்னாடி நின்னு வேலை. ரோஜா வயசுப் பொண்ணுங்க முக்கால்வாசி அதில ஏறிப் போயிட்டாங்க. ரோஜா மட்டும், "அண்ணி, நான் வேன்ல போக மாட்டேன், பஸ்லதான் போவேன்"னு சொல்லுவா. காலேஜுக்குப் போற பஸ். இதே பஸ்தான்.

அந்தப் பாடத்துக்குப் பதினோரு பேர் சேர்ந்தாங்க. திருஞானம் சார்தான் வாத்தியார். அவர் பெரிய படிப்பு படிச்சவர். அந்தப் பாடத்துக்கு முதுகலை படிச்சவங்கதான் இருக்கணும்னு சட்டமாம். அவர் படிச்சிருந்தார், காலேஜ்காரங்களும் அவர் பேரை ஒத்துக்கிட்டு எழுதியிருந்தாங்க. தங்கமான மனுசன். ஒரே ஒரு சங்கடம், அவருக்குப் புழுவைத் தொட்டா கை அரிக்கும்.

சிரிக்காதீங்கக்கா. நெசமாத்தான். பார்த்தாலே அரிக்கும். ஜன்னலுக்கு வெளியில நின்னுதான் பாடம் நடத்துவார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு பழைய அறையில தட்டு அடுக்கி, எங்க ஷெட்டிலேர்ந்துதான் புழு வாங்கிட்டுப் போனாங்க. முதல் தடவை நல்லாத்தான் தின்னுச்சு. அப்புறம் தோலுரிக்கிற நேரம் வந்தது. அப்போ புழு தலையைத் தூக்கிக்கிட்டு அசையாம நிக்கும், திங்காது. தூங்குதுன்னு சொல்லுவோம். அந்த ஒருநாள் தீனி போடக்கூடாது, சும்மா விட்டுடணும். சார் என்ன நெனச்சுட்டார், புழு சோர்ந்துபோச்சுன்னு நெனச்சுட்டார். பிள்ளைங்களை விட்டு ஈர இலையா அள்ளிப் போடச் சொல்லிட்டார். மூணாம் நாள் எல்லாம் செத்துப்போச்சு. அதில்லாம அவர் சட்டையில சென்ட்டு அடிப்பார் பாருங்க, அதுவும் புழுவுக்கு ஆகாது.

ரோஜா வீட்டுக்கு வந்து அழுதா. "நாத்தம் தாங்கலை அண்ணி, பசங்க எல்லாம் எங்களைப் புழுத்த கிளாஸுன்னு கூப்பிடறாங்க." மறுநாள் பெரிய சார் சொல்லி அனுப்பினார், அதாவது ஹெட்மாஸ்டர். "உங்க அண்ணியை ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லு."

ஒரு தடவைதான்னு போனேன். ரெண்டு வருசம் போயிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குள்ள நான் கால் வைச்சது பதினெட்டு வருசம் கழிச்சு. எங்கப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவங்க. மூணாவது பாதியில என்னையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அப்ப எழுத வராது. கல்யாணம் ஆகி வந்த புதுசுல ரேஷன் கடையில கைநாட்டு வைச்சேன். ரோஜா அப்ப ஏழாவது. கூட நின்னுக்கிட்டிருந்தவ, வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டைக் கொண்டாந்து போட்டா. "அண்ணி, இனிமே நீங்க மையைத் தொடக் கூடாது." தினம் சாயங்காலம் என் கையைப் பிடிச்சு எழுத வைப்பா. மு. மாதேஸ்வரி. 'தே'யில கொம்பு எப்பவும் எனக்குக் கோணலா போகும். "கோணலா இருந்தாதான் அண்ணி கையெழுத்து. நேரா இருந்தா அது வெறும் எழுத்து"ன்னு சொல்லுவா. அடுத்த மாசம் ரேஷன் கடையில நான் பேனா கேட்டேன். கடைக்காரர், "யாரு, முனிராஜ் பொண்டாட்டியா? நேத்து வரைக்கும் கட்டைவிரலு, இன்னைக்குக் கலெக்டரு"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது.

அந்தக் கையெழுத்தாலதான் வந்ததுக்கா எல்லாம்.

பாப்பாவை அப்ப தூளியில போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் புழு அறையிலயும் ஜன்னல் கம்பியில சேலையைக் கட்டித் தூளி போட்டாங்க பிள்ளைங்க. முதல் நாள் பதினோரு பேரும் என்னையே பார்க்கிறாங்க. எனக்கு வாயே வரலை. அப்புறம் என்ன செஞ்சேன் தெரியுமா, அவங்களுக்கு முதுகைக் காட்டிட்டுத் தட்டைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சேன். புழுகிட்டச் சொல்ற மாதிரி. "இப்ப நீ தூங்கற, உனக்கு இலை வேணாம், சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் மேல தூவுவேன், ஈரம் இழுத்துக்கும், பயப்படாதே." பின்னாடி எழுதற சத்தம் மட்டும் கேக்குது. நான் புழுவை என்ன திட்டினாலும் அதையும் எழுதிக்கிட்டாங்க. சனியனேன்னு ஒரு பொண்ணு நோட்டுல இருந்ததாம், ரோஜா அதை அழிக்கச் சொன்னாளாம்.

போகப் போகத் திரும்பி நின்னு பேச வந்தது. கையைக் கழுவிட்டு உள்ள வா, செருப்பை வெளிய விடு, பவுடர் போட்டுட்டு வராதேன்னு அதட்டக்கூட செஞ்சேன். சீக்கு வந்த புழு எது, தட்டு ஓரத்துக்கு ஏன் ஊர்ந்து வருது, தொட்டா ஏன் பால் மாதிரி வழியுது, கூடு கட்டற பருவத்துல உடம்பு எப்படிக் கண்ணாடி மாதிரி ஆகும், எல்லாம் சொன்னேன். ஒட்டப்பட்டியிலேர்ந்து நடந்து வர்ற ஒரு பொண்ணு ஒருநாள் வாய் தவறி, "மிஸ்"னு கூப்பிட்டுட்டா. நான் இலை எடுக்கப் போற மாதிரி வெளியில போயிட்டேன். கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டுத்தான் வந்தேன்.

கூலியா? இல்லைக்கா. யார் கேப்பாங்க அதை? பாப்பாவுக்குச் சத்துணவுல முட்டை கொடுப்பாங்க. சார் ஜன்னலுக்கு வெளிய நின்னு, "நல்லா போகுதும்மா, அப்படியே நடத்து"ன்னு சொல்லிட்டுப் போவார். அதுவே போதும்.

சார் பாதிநாள் ஊர்லயே இருக்க மாட்டார். வாக்காளர் பட்டியல் வேலைன்னு போட்டுடுவாங்க, இல்லைன்னா கணக்கெடுப்புன்னு போட்டுடுவாங்க. பாவம், அலைச்சல். பிள்ளைங்களுக்குச் செய்முறை நோட்டுன்னு ஒண்ணு உண்டு. ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு பக்கம். படம் வரைஞ்சு, என்ன பார்த்தோம்னு எழுதி, அடியில வாத்தியார் கையெழுத்து, தேதி. மொத்தம் பதினெட்டு செய்முறை. சார், "நான் மொத்தமா அப்புறம் போட்டுக்கறேன்"னுட்டார். மாசக்கணக்கா அடியில காலியாவே கிடந்தது.

பிள்ளைங்களுக்குப் பயம் வந்துடுச்சு. காலேஜ்காரங்க வந்து பார்த்தா கையெழுத்து இல்லாத பக்கம் செல்லாதாம். நான் போய் சார்கிட்டச் சொன்னேன். அவர் அவசரமா வண்டியில ஏறிக்கிட்டிருந்தார். "நீதானேம்மா நடத்தினே, நீயே போட்டு வை. நான் வந்து மேல போட்டுக்கறேன்."

நீயே போடுன்னு அவர் வாயால சொன்னார்.

பதினோரு நோட்டையும் மேசையில அடுக்கி வைச்சாங்க. ரோஜா பேனாவைத் திறந்து கையில கொடுத்தா. மு. மாதேஸ்வரி, தேதி. மு. மாதேஸ்வரி, தேதி. மூணு நாள் ஆச்சுக்கா. அவசரப்படாம போட்டேன். பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறது ஒவ்வொண்ணும் ஒழுங்கா இருக்கணும்ல. நூத்தித் தொண்ணூத்தெட்டுன்னு ரோஜா எண்ணிச் சொன்னா. "அண்ணி, ரேஷன் கடையில பதினாறு வருசத்துக்குப் போட வேண்டியதை மூணு நாள்ல போட்டுட்டீங்க"ன்னா. கடைசி நோட்டு அவளோடது. அதிலதான் கொம்பு கோணாம வந்தது. அதுக்கு அவ, "ஐயோ, இது செல்லாது, நேரா இருக்கு"ன்னு சிரிச்சா.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனா இப்ப நெனச்சா எனக்கு அதுதான் காதுல கேக்குது.

பாலம் வந்துடுச்சு பாருங்க. இனிமே நகராது. இந்தாங்க, தண்ணி வேணுமா? சரி.

பங்குனியில காலேஜ்லேர்ந்து மூணு பேர் வந்தாங்க. நடுவில ஒரு மேடம், உங்களை மாதிரியே கண்ணாடி. அந்த நேரம் கூடு கட்டற பருவம், நான் உள்ளதான் இருந்தேன். சார் என்னை ஓரமா நிக்கச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னாடி பாப்பாவைத் தூக்கிட்டு நின்னேன்.

"செய்முறை யார் சார் நடத்தறது?"

"நான்தான் மேடம்."

"கூடு கட்டத் தயாரான பழுத்த புழுவா ஒண்ணு எடுத்துக் காட்டுங்க."

சார் தட்டைப் பார்க்கிறார், மேடத்தைப் பார்க்கிறார், கையைச் சட்டையில துடைக்கிறார். இன்னும் தொடவே இல்லை, கை சிவந்து தடிச்சுப்போச்சு. எனக்கு மனசு கேக்கலை. கதவுக்குப் பின்னாடியிலிருந்தே, "மூணாவது தட்டு, சார், இடது ஓரம்"னு மெதுவா சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். மேடத்துக்குக் கேட்டுடுச்சு.

மேடம் நோட்டை எடுத்துப் புரட்டினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. "இது யார் கையெழுத்து?"

சார் தரையைப் பார்க்கிறார். ரோஜா எழுந்து நின்னு, என்ன சந்தோசமாச் சொன்னா தெரியுமா: "எங்க அண்ணி, மேடம்! அவங்கதான் எல்லாம் நடத்தினாங்க."

மேடம் என்னை உள்ள கூப்பிட்டாங்க. "என்னம்மா படிச்சிருக்கீங்க?" மூணாவதுன்னு சொன்னேன். மூணாவது முடிக்கலைன்னும் சொல்லிட்டேன், பொய் சொல்லக்கூடாதுன்னு. அப்புறம் அவங்க புழுவைப் பத்திக் கேட்டாங்க. நிறையக் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். கூட வந்தவர் ஒருத்தர் எழுதிக்கிட்டார். உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா, அந்தக் காலேஜ் பிள்ளைங்க வருசா வருசம் பஸ்ல வந்து எங்க ஷெட்டைத்தான் பார்த்துட்டு எழுதிக்கிட்டுப் போவாங்க. அவங்களுக்கும் நான்தான் சொல்லுவேன், தட்டைப் பார்த்துக்கிட்டு. அது மேடத்துக்கும் ஞாபகம் வந்திருக்கும்னு நெனக்கிறேன். என்னையே பார்த்தாங்க. "நல்லா சொல்றீங்கம்மா"ன்னாங்க. சொல்லிட்டு நோட்டை மூடிட்டாங்க.

"விதியில இடமில்லையே. பாடத்துக்கு முதுகலை, செய்முறைக்கு இளங்கலையாவது இருக்கணும். என் கையில ஒண்ணும் இல்லம்மா."

ஒரு வாரம் கழிச்சு சார் எங்க வீட்டுக்கு வந்தார். அதுவரைக்கும் வந்ததில்லை. பாப்பாவுக்கு பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் வாங்கிட்டு வந்தார். பையிலேர்ந்து ஒரு தாள் எடுத்தார், கம்ப்யூட்டர்ல அடிச்சது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரைக்கும் பொறுமையா உட்கார்ந்திருந்தார், அதைச் சொல்லணும். 'மு. மாதேஸ்வரியாகிய நான், செய்முறை நோட்டுகளில் யாருடைய அனுமதியும் பெறாமல் நானே கையெழுத்திட்டேன். ஆசிரியருக்கு இது தெரியாது.'

"சார், உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா தெரியாதுன்னு தாள்ல இருந்தாதான் பிள்ளைங்களைக் காப்பாத்த முடியும். என் மேல தப்புன்னு ஆச்சுன்னா மொத்தப் பாடமும் போயிடும். நீ வெளி ஆளு, உன்னை யார் என்ன செய்யப் போறாங்க?"

அதுவும் சரிதானே? என்னை யார் என்ன செய்வாங்க? பாப்பாவோட அப்பா தோட்டத்துல இருந்தாங்க. அவங்களைக் கேட்டுட்டுப் போடறேன்னேன். "நேரமில்லம்மா, அஞ்சு மணிக்குள்ள கொண்டுபோய்க் கொடுக்கணும்"னார். என் பேனா எங்கயோ இருந்தது, அவர் பேனாவைக் கொடுத்தார். கனமான பேனா. அன்னைக்குப் போட்ட மாதிரி நான் கையெழுத்துப் போட்டதே இல்லைக்கா. அவ்வளவு அழகா வந்தது. சாரே பார்த்துட்டு, "நல்லா போடறியே"ன்னார்.

பன்னெண்டாவது ரிசல்ட் வந்து ரெண்டு நாள் கழிச்சுப் பள்ளிக்கூடத்து போர்டுல ஒரு தாள் ஒட்டியிருந்தாங்க. ரோஜாதான் படிச்சுக் காட்டினா. தகுதியில்லாத ஒருத்தர் செய்முறை நோட்டுல கையெழுத்துப் போட்டது அவரே எழுதிக் கொடுத்த கடிதத்தால உறுதியாயிடுச்சு, அதனால பதினோரு மாணவர்களுக்கும் அந்தப் பாடம் செல்லாது. அப்படின்னு. அதில என் பேர் ரெண்டு இடத்துல அச்சுல இருந்தது. என் பேரை அச்சுல பார்க்கிறது எனக்கு அதுதான் முதல் தடவை. கல்யாணப் பத்திரிகைகூட எங்களுக்கு அடிக்கலை.

ரோஜா கடைசி வரைக்கும் படிச்சா. "நீங்க எப்போ எழுதிக் கொடுத்தீங்க அண்ணி?" அவ்வளவுதான் கேட்டா.

சொன்னேன். சார் வந்தது, பிஸ்கட் கொண்டாந்தது, எல்லாம் சொன்னேன். அவ ஏதோ சொல்ல வாயெடுத்தா. அப்புறம் பாப்பாவை வாங்கி இடுப்புல வைச்சுக்கிட்டு, "வெயிலா இருக்கு, வாங்க வீட்டுக்குப் போலாம்"னா.

சார் மேல கோவமா? எனக்கா? சேச்சே. அவரையும் தூக்கி அடிச்சுட்டாங்களே. மாத்தல் போட்டுட்டாங்க. நல்லவேளை அவர் சொந்த ஊருக்குப் பக்கத்துலயே போட்டிருக்காங்களாம். மூணு வருசமா அந்த ஊருக்குத்தான் எழுதிப் போட்டுட்டிருந்தார், தண்டனையிலயும் அவருக்கு ஒரு நல்லது நடந்தது. போறப்ப எங்க வீட்டு வழியாத்தான் வண்டி போச்சு. நிறுத்துவார்னு நெனச்சு வாசல்ல வந்து நின்னேன். வேகமாப் போயிட்டார். சாமான் ஏத்தின வண்டி, நிறுத்தினா ஆடும்ல.

ஏன்க்கா அப்படிப் பார்க்கிறீங்க?

எங்க அத்தைதான் பேசித் தீர்த்துட்டாங்க. "மூணாங்கிளாஸு முழுசாப் படிக்காததுக்குப் பேனா எதுக்கு? கையெழுத்துப் போட வந்துடுச்சுன்னா பெரிய மிஸ்ஸுன்னு நெனப்பு. என் பொண்ணு வாழ்க்கையில கோணக் கொம்பு போட்டுட்டா." எதிர்வீடு வரைக்கும் கேட்டுச்சு. நான் தட்டு கழுவிட்டே இருந்தேன். கையெழுத்து என்னுதுதானே. பாப்பாவோட அப்பா இலை வெட்டப் போயிட்டாங்க. அவங்க எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

மத்த பாடத்துல ரோஜாவுக்கு நடுத்தர மார்க்தான். அவ நம்பினது இதைத்தான். பட்டு வளர்ப்புன்னா எழுபது மார்க்குக்கு எழுபதும் வாங்கியிருப்பா. சும்மா இருக்கக்கூடாதுன்னு ஒருநாள் பாப்பாவைத் தூக்கிட்டு அந்தக் காலேஜுக்கே போனேன், தனியா. வாசல்ல இருந்தவர் உள்ள விடலை. மத்தியானம் வரைக்கும் வேப்பமரத்தடியில நின்னேன். மேடம் சாப்பிட வெளிய வந்தப்ப ஓடிப்போய் முன்னாடி நின்னுட்டேன். அழுகைதான் வந்தது. அவங்களே அடையாளம் கண்டுக்கிட்டாங்க.

"உங்க மேல தப்பு இல்லம்மா. படிச்சிருந்தீங்கன்னா இதே கையெழுத்து செல்லியிருக்கும்."

அவங்க வாயால சொன்னாங்கக்கா. இதே கையெழுத்து செல்லியிருக்கும்னு.

"இப்ப படிச்சா, மேடம்?"ன்னு கேட்டேன். அவங்க பாப்பா தலையைத் தடவிக் கொடுத்தாங்க. "படிங்கம்மா, நல்லதுதான்"னாங்க. நோட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க மேடம், எடுத்து வைங்கன்னு சொன்னேன். சரின்னாங்க. பீரோவுல வைச்சிருக்கிறதாச் சொன்னாங்க. அது பத்திரமாத்தான் இருக்கும்.

இவ்வளவும் ரோஜாகிட்டச் சொல்லலாம்னு வந்தா, திங்கக்கிழமை வேன் வருதுன்னு பையை எடுத்து வைச்சிட்டிருக்கா. அத்தை பேசி முடிச்சிட்டாங்க. நான் அவ முன்னாடி போய் நின்னேன். திட்டட்டும்னுதான் நின்னேன். திட்டலை. என் சேலை முந்தானையில சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டா. "நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி"ன்னா. அவ்வளவுதான். அதுக்கு அவ ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

வேன்ல ஜன்னல் கண்ணாடி கறுப்பா இருந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தான்னு தெரியலை. ரெண்டு பக்கத்துக்கும் கையை ஆட்டினேன். ஞாயித்துக்கிழமைதான் ஃபோன் கொடுப்பாங்களாம். ரெண்டு ஞாயிறு போச்சு. அத்தைகிட்டப் பேசினா. பாப்பாவைக் கேட்டா. என்னைக் கேட்டிருப்பா, அத்தை மறந்திருப்பாங்க.

வண்டி நகருது. இனிமே சீக்கிரம் போயிடும், நான் கேக்க வேண்டியதைக் கேட்டுடறேன்.

இதுதான். மடிப்பு கலையாம இருக்கணும்னு பாப்பா துணிக்கு நடுவில வைச்சிருந்தேன். எட்டாவதுக்குத் தனியா பரீட்சை எழுதற ஃபாரம். நேரா எட்டாவது எழுதலாமாம், பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆயா சொன்னாங்க. அவங்கதான் வாங்கிக் கொடுத்தாங்க. டவுன்ல ஒரு கடையில கொடுத்தா கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பிடுவாங்களாம். இன்னைக்குத்தான் கடைசி நாள். எட்டுக்கு ஒரு வருசம், அது முடிச்சா பத்துக்கு ரெண்டு. பத்து முடிச்சா இன்னும் ரெண்டு வருசம். அதுக்கு மேல இளங்கலை, அது எத்தனை வருசம்க்கா? நாலா? அதுக்கு மேல முதுகலை வேணாம், செய்முறைக்கு இளங்கலையே போதும்னு மேடம் சொன்னாங்க, அது நமக்கு லாபம். அந்தக் கணக்கு எனக்குச் சரியா வரலை, நீங்க விரலை மடக்குறீங்க, சொல்லுங்க. ஒம்பதா?

ஒம்பது வருசம்.

பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசு ஆகியிருக்கும். ரோஜாவுக்கு இருபத்தேழு ஆகியிருக்கும். பரவாயில்லை. நோட்டு பீரோவுலதானே இருக்கு, பூச்சி அரிக்காம இருந்தா சரி. நாப்தலின் உருண்டை போட்டு வைக்கச் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். வயசு ஆனவங்களையும் காலேஜ்ல சேர்ப்பாங்கதானே? நீங்க ஒண்ணும் சொல்லலையே.

சரி, அது இருக்கட்டும். நான் கேக்க வந்தது அது இல்லை. எல்லாக் கட்டத்துலயும் எழுதிட்டேன், தப்பு இருந்தா சொல்லுங்க. பேர், அப்பா பேர், ஊர், தேதி. போட்டோ ஒட்டிட்டேன், கண்ணை மூடிட்டேன் அதுல, ஆனா மூக்கு தெரியுது. இந்தக் கடைசிக் கட்டம்தான். 'விண்ணப்பதாரர் கையொப்பம்'னு இருக்கு பாருங்க. நாலு நாளாப் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். கை அங்க போகவே மாட்டேங்குதுக்கா. மேல எழுதறப்ப வருது. இந்தக் கட்டத்துக்கு வந்தா நின்னுடுது. நான் போட்டு, இதுவும் யாருக்காவது...

வேண்டாங்க, உங்க பேனா வேண்டாம். பேனா என்கிட்ட இருக்கு, ரோஜாவோடது.

நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். இந்தக் கட்டத்துல கைநாட்டு வைச்சா ஒத்துக்குவாங்களாக்கா? மைக்கு எங்கயும் தேட வேணாம். பாப்பாவோட கண்மை டப்பா இதோ பையிலயே இருக்கு.